குட்டி நாய்க்குக் கால் ஒடிந்தால் புத்தூர் கட்டு போடலாமா?

‘‘எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் காவலுக்காக நாட்டு நாய்க்குட்டி ஒன்று வளர்க்கிறோம். இரண்டரை மாதம் ஆகிறது. வெயிலுக்கு டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்ததைக் கவனிக்காமல் டிராக்டரைப் பின்னால் எடுத்துவிட்டோம். பின்னங்கால் ஒடிந்துவிட்டது. காலைத் தூக்கிக்கொண்டே கத்துகிறது. ‘மூங்கில் தப்பை வைத்துப் புத்தூர் கட்டு மாதிரி கட்டிவிடு, சரியாகிவிடும்’ என்கிறார் பக்கத்துக் கொல்லைக்காரர். ‘இனி இது காவலுக்கு உதவாது. கிரிவலப் பாதையில் விட்டுவிட்டால் அன்னதானத்தில் பிழைத்துக்கொள்ளும்’ என்கிறார் என் மாமனார். பள்ளிக்கூடம் போகும் மகள் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. என்ன செய்வது?’’

- வாசகர், கீழ்பென்னாத்தூர் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பத்திரிகை அச்சாகிக் கைக்கு வருவதற்குள் எலும்பு ஒரு கோணத்தில் ஒட்டியே போய்விடும் என்பதால், இந்த வாசகருக்கு ‘இன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்’ என்ற ஒரு வரிப் பதில் போனிலேயே சொல்லப்பட்டுவிட்டது. மீதிப் பதில் அவருக்கு மட்டுமல்ல, டிராக்டரும் பைக்கும் மாட்டுத் தொழுவமும் இருக்கிற எல்லா வீட்டுக்கும் உரியது. குட்டி நாயின் கால் ஒடிவது பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில்தான். வண்டி ஏறும், இல்லையென்றால் பசு மிதிக்கும். நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: தூக்கிவைத்துக் கொஞ்சும் குழந்தையின் கையிலிருந்து சிமென்ட் தரையில் விழுவது.

முதலில் பார்க்க வேண்டியது காலை அல்ல

ஒடிந்த கால் கண்ணுக்குத் தெரியும். குட்டியும் அதைக் காட்டித்தான் கத்தும். ஆனால், வண்டி ஏறிய குட்டி உயிரை விடுவது பெரும்பாலும் காலினால் அல்ல. நெஞ்சில் அடிபட்டு நுரையீரலில் ரத்தம் கட்டியிருக்கலாம். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் கிழிந்து, குடல் மேலே ஏறியிருக்கலாம். மூத்திரப்பை வெடித்திருக்கலாம். இவை எதுவும் வெளியே தெரியாது. அதனால்தான் அனுபவமுள்ள கால்நடை மருத்துவர்கள் அடிபட்ட குட்டி வந்ததும் முதலில் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கிறார்கள்.

ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் ஓரளவு நிம்மதி. வெளிறி வெள்ளையாக இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வயிறு எக்கி எக்கி மூச்சு வாங்கினாலும், வாயைத் திறந்துகொண்டு மூச்சுவிட்டாலும் அது அவசர நிலை. அதேபோல, அடிபட்டதிலிருந்து எத்தனை முறை மூத்திரம் போனது, அதில் ரத்தம் கலந்திருந்ததா என்று வீட்டில் யாராவது ஒருவர் கவனித்து வைத்துக்கொள்வது மருத்துவருக்குப் பெரிய உதவி. ஒரு நாள் முழுக்க மூத்திரமே போகவில்லை, வயிறு உப்புகிறது என்றால் காலைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டு பின்னங்காலையும் இழுத்துக்கொண்டு போனால் அது கால் முறிவாக இல்லாமல் முதுகுத்தண்டில் பட்ட அடியாக இருக்கக்கூடும். அப்படிப்பட்ட குட்டியைக் கையில் தொங்கவிட்டுத் தூக்கக் கூடாது. பலகை, முறம், தட்டையான அட்டைப்பெட்டி என எது கிடைக்கிறதோ அதில் மெல்ல நகர்த்தி, உடல் வளையாமல் கொண்டுசெல்ல வேண்டும்.

கால் மட்டும்தான் என்றால், பழத்துக்கு வரும் அட்டைப்பெட்டி ஒன்று போதும். அடியில் பழைய புடவையை மடித்துப் போட்டு, ஒடிந்த கால் மேல் பக்கமாக இருக்கும்படி படுக்கவைத்தால் பஸ்ஸிலேயே கொண்டுபோகலாம். காலை இழுத்து நேராக்கிப் பார்க்கக் கூடாது. ‘எலும்பு சேர்ந்திருக்கிறதா’ என்று அசைத்துப் பார்ப்பதும் வேண்டாம். உடைந்த எலும்பின் முனை கத்தி மாதிரி இருக்கும். பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாயையும் நரம்பையும் அது அறுத்துவிட்டால், ஒட்டவேண்டிய கால் எடுக்கவேண்டிய காலாகிவிடும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், உள்ளே தள்ள முயலாமல், சுத்தமான ஈரத்துணியால் மூடி அப்படியே கொண்டுசெல்ல வேண்டும். மஞ்சள் அப்புவது, சுண்ணாம்பு வைப்பது, வண்டி ஆயில் ஊற்றுவது எல்லாம் மருத்துவர் முதலில் கழுவித் தள்ளவேண்டிய வேலையைத்தான் கூட்டும்.

எவ்வளவு சாதுவான குட்டியும் வலியில் கடிக்கும். பழைய காட்டன் துணியை நாடாவாகக் கிழித்து, மூக்கின்மேல் ஒரு சுற்று, தாடைக்கு அடியில் ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு என்று தளர்வாகக் கட்டிவிட்டுத் தூக்கலாம். வாந்தி எடுக்கும் குட்டிக்கும் மூச்சுத் திணறும் குட்டிக்கும் மட்டும் வாயைக் கட்டக் கூடாது.

வீட்டு மாத்திரை ஆபத்து

‘ராத்திரி முழுக்கக் கத்துகிறதே, பாவம்’ என்று வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. பாராசிட்டமால், இபுபுரூஃபென், டைக்குளோஃபினாக், ஆஸ்பிரின் எதுவாக இருந்தாலும் இதைச் செய்யவே கூடாது. மனிதனுக்கு ஒத்துக்கொள்ளும் அளவு, இரண்டு மூன்று கிலோ எடையுள்ள குட்டியின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையோ கல்லீரலையோ கெடுத்துவிடும். பூனைக்குட்டி என்றால் பாராசிட்டமால் நேரடியாக விஷம்தான். நாய்க்கென்று வலி மருந்து இருக்கிறது. எடைபோட்டு, அளவு பார்த்து, எத்தனை நாள் என்று மருத்துவர் சொல்லித்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

(டைக்குளோஃபினாக் பற்றி இன்னொரு செய்தியும் விவசாயிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மருந்து போடப்பட்ட மாடு இறந்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்ததால், 2006-லேயே கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை வந்துவிட்டது. மெடிக்கலில் மனித மருந்தாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கம் இன்னும் ஓயவில்லை.)

புத்தூர் கட்டு விஷயம்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில், திருத்தணி தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது புத்தூர். தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் குடும்பங்களால் ஊர்ப்பெயரே வைத்தியத்தின் பெயராகிவிட்டது. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து கிராமங்களில் கை ஒடிந்தது என்றால் ‘புத்தூருக்குப் போனீங்களா?’ என்பது இன்றைக்கும் கேட்கிற கேள்விதான். இப்போது எல்லா ஊரிலும் ‘புத்தூர் கட்டு’ என்று போர்டு தொங்குகிறது. எல்லாரும் அங்கே கற்றவர்கள்தானா என்பது வேறு விஷயம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் தப்பை என்பது அதன் பொதுவான அமைப்பு.

இதில் மூங்கில் தப்பையைக் கேலி பேச வேண்டியதில்லை. லேசானது, வளைந்துகொடுக்காதது, செலவில்லாதது. கால்நடை மருத்துவர்களே கன்றுக்கும் ஆட்டுக்கும் மூங்கில் பத்தையோ, நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. பைப்போ வைத்துக் கட்டுவதுண்டு. எலும்பை ஒட்டவைப்பது இலையும் அல்ல, மாவும் அல்ல, உடம்புதான். வெளியே போடும் கட்டு, ஒடிந்த இரண்டு முனையும் நேராக, அசையாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. அந்த அளவில் பழைய வைத்தியமும் புதிய வைத்தியமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த எலும்பு, எந்த இடத்தில், எப்படி உடைந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தடவிப் பார்த்துத் தெரியாது. கட்டுக்கு ஒரு விதி உண்டு: முறிவுக்கு மேலே உள்ள மூட்டும் கீழே உள்ள மூட்டும் இரண்டுமே அசையாமல் இருக்க வேண்டும். பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு ஒடிந்திருந்தால் தொடையின் பாதிவரை கட்டை ஏற்றி, கீழே பாதம்வரை கொண்டுவந்து இந்த விதியைக் காப்பாற்றலாம். முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே என்றாலும் முடியும். தொடை எலும்பு ஒடிந்திருந்தால்? அதற்கு மேல் மூட்டு இடுப்புக்குள் புதைந்திருக்கிறது. தப்பையை எவ்வளவு ஏற்றிக் கட்டினாலும் அது முறிவுக்குக் கீழேதான் நிற்கும். விளைவு, கட்டின் கனம் முழுக்க ஒடிந்த முனையில் தொங்கி, ஒவ்வொரு அசைவுக்கும் எலும்பை நெம்புகோல் போல விலக்கிக்கொண்டே இருக்கும். கட்டாமல் விட்டிருந்தால்கூட ஓரளவு சேர்ந்திருக்கும் என்ற நிலை. டிரெய்லர் சக்கரம் ஏறிய குட்டிகளில் தொடை எலும்பு முறிவு சர்வசாதாரணம் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணம், குட்டியின் எலும்பு முழு எலும்பு அல்ல. ஒவ்வொரு நீள எலும்பின் முனையிலும் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீளமாவது அங்கேதான். அடி அந்தத் தட்டில் விழுந்து கவனிக்கப்படாமல் போனால், முறிவு ஒட்டினாலும் கால் வளராமல் குட்டையாகவோ வளைந்தோ போய்விடும். இது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கண்ணுக்குத் தெரியும். அப்போது செய்வதற்கு அதிகம் இருக்காது.

ஆகவே, எக்ஸ்ரே இல்லாமல் கட்டு இல்லை. ஊர்க் கால்நடை மருந்தகத்தில் முதலுதவியும் வலி ஊசியும் கிடைக்கும். எக்ஸ்ரேவுக்குப் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் உள்ள பெரிய கால்நடை மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவரிடமோதான் போக வேண்டும். எக்ஸ்ரே கருவி ஓடுகிறதா, மருத்துவர் எத்தனை மணிவரை இருப்பார் என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்பினால் ஒரு நாள் மிச்சம். 1962 என்ற அவசர எண் மாடு, ஆடுகளை மனத்தில் வைத்து வந்ததுதான். ஆனாலும் பக்கத்தில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று அங்கே கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. கம்பி வைக்கும் அறுவை சிகிச்சைதான் ஒரே வழி என்று சொல்லிவிட்டால், சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல் கல்லூரி போன்ற பல்கலைக்கழக மருத்துவமனைகள் இருக்கின்றன.

செலவுக்கு வழியில்லாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. திருவண்ணாமலையில், அமெரிக்கரான லெஸ்லி ராபின்சன் தொடங்கிய அருணாச்சலா விலங்குகள் காப்பகம் பல வருடங்களாகத் தெரு நாய்களுக்குச் சிகிச்சையும் கருத்தடையும் செய்துவருகிறது. இதுபோன்ற இடங்களில் எப்போதும் கொள்ளளவுக்கு மேல்தான் நாய்கள் இருக்கும். குட்டியைக் கேட்டில் வைத்துவிட்டு ஓடிவருவதைவிட, ‘சிகிச்சைக்கு வழி சொல்லுங்கள், வீட்டில் வைத்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று போய்க் கேட்பவருக்குக் கதவு திறக்க வாய்ப்பு அதிகம்.

நாள் குறைவு, கவனம் அதிகம்

குட்டிக்கு இருக்கும் ஒரே அதிர்ஷ்டம் அதன் வயது. வளர்ந்த நாய்க்கு எலும்பு கூட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மூன்று, நான்கு வாரத்திலேயே கூடிவிடுவதுண்டு. பச்சைக் குச்சியை ஒடித்தால் ஒரு பக்கம் நாரோடு தொங்கிக்கொண்டிருக்குமே, அதுபோல எலும்பு முழுதும் பிளக்காமல் வளைந்து நிற்பதும் குட்டிகளிடம் உண்டு. சரியான கட்டோடு அது இன்னும் சீக்கிரம் சேரும்.

இந்த வேகமே ஆபத்தும்கூட. குட்டி நாளுக்கு நாள் பருத்து வளர்கிறது, கட்டு வளர்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை சரியாக இருந்த கட்டு அடுத்த ஞாயிறு சுருக்குக் கயிறாகிவிடும். கட்டுப்போட்ட மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ ஒருமுறை காட்ட வேண்டும். பிறகு வாரம் ஒருமுறையாவது மருத்துவர் பிரித்துப் பார்த்து மாற்றிக் கட்ட வேண்டும். ‘நாலு வாரம் கழித்து வாங்க’ என்று சொன்னதாக நினைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டு, கட்டைப் பிரித்தபோது கீழ்ப்பாதம் கறுத்து அழுகியிருப்பதைப் பார்க்கும் கொடுமை நடக்கவே செய்கிறது. எலும்பு முறிவால் போகாத கால், கட்டால் போகும்.

நல்ல கட்டில் நடு விரல்கள் இரண்டின் நுனி வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். அது அழகுக்கு அல்ல. காலையிலும் மாலையிலும் அந்த விரல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு நகமும் ஒட்டியது போல் பக்கத்தில் இருந்தால் நல்லது. விரல் வீங்கி நகங்கள் விலகிப்போனாலோ, விரல் சில்லிட்டிருந்தாலோ, கட்டு நனைந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, திடீரென்று குட்டி கட்டையே கடித்துக் குதற ஆரம்பித்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் சொன்னதைப் பலரும் சேட்டை என்று நினைத்து அடிப்பார்கள். உள்ளே புண் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்ல நாய்க்கு வேறு வழி கிடையாது.

மழைக்காலத்தில் வெளியே மூத்திரம் போக விடும்போது கட்டின்மேல் ஒரு பால் கவரைச் சுற்றி, உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் உள்ளேயே வியர்த்துத் தோல் வெந்துவிடும்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்: குட்டியைச் சும்மா இருக்கவைப்பது. நான்காவது நாள் வலி குறைந்ததும் அது மூன்று காலில் கோழியைத் துரத்தக் கிளம்பிவிடும். ‘பாருங்க, சரியாயிடுச்சு’ என்று வீடே சந்தோஷப்படும். எலும்பு அப்போது ஜவ்வாகத்தான் இருக்கிறது. ஒரு குதி போதும், மறுபடி விலக. கோழி அடைக்கும் பெரிய பஞ்சாரம், கம்பிக் கூண்டு, நான்கு பக்கமும் பலகை அடைத்த மூலை எதுவானாலும் சரி. நின்று, திரும்பி, படுக்க இடம் போதும். வழுவழுப்பான டைல்ஸ் தரை வேண்டாம், சாக்கு விரிக்க வேண்டும். ஈரமான சாக்கைத் தினமும் மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கையில் தூக்கிப்போய் மூத்திரம் போகவிட்டு, தூக்கியே வர வேண்டும்.

இந்த வேலைக்குக் கடிதத்தில் வரும் பள்ளி மாணவியைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். விரல் பார்ப்பது, மருந்து நேரம், கட்டு மாற்றும் தேதி எல்லாவற்றையும் காலண்டரில் குறித்து வைக்கும் பொறுப்பைக் கொடுத்தால் சாப்பாடும் தானாக இறங்கும். கூண்டில் கிடக்கும் குட்டிக்குப் பேச்சுத் துணை வேண்டும். இல்லாவிட்டால் வளர்ந்தபின் யாரைப் பார்த்தாலும் பயப்படும் நாயாகிவிடும். ஆனால், கையில் எடுத்துவைத்து விளையாடுவது கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

சோறும் பாலும் போதாது

டிரெய்லர் ஏறினால் எந்த எலும்பும் ஒடியும். திண்ணையிலிருந்து குதித்ததற்கே ஒடிந்தது என்றால் சாப்பாட்டில் கோளாறு. வெறும் சோறு, ரசம், எப்போதாவது கறிக்கடைக் கொழுப்பு என்று வளரும் குட்டிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து கிடைப்பதே இல்லை. எலும்பில்லாத தனிக் கறியிலும் ஈரலிலும் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. உடம்பு ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். எலும்பு அட்டை மாதிரி மெலிந்து, மடங்கி ஒடியும். ‘தினமும் கறி போட்டோமே, எப்படி?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மனிதரைப் போல வெயிலில் நின்று வைட்டமின் டி-யைப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளும் திறன் நாய்க்கு இல்லை. சாப்பாட்டில்தான் வர வேண்டும். வேகவைத்த முட்டை, உப்பில்லாத சிறு மீன், கொஞ்சம் பால் அல்லது தயிர், நன்றாக வேகவைத்த கேழ்வரகு என்று கலந்து, நாளைக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லி கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்குகூடக் கிடையாது. பால் குடித்ததும் கழிந்தால் பாலை நிறுத்திவிட்டுத் தயிர் கொடுத்துப் பார்க்கலாம். வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம். ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் நாய்க்கு ஆகாது.

கால்சியம் டானிக்கை அள்ளி ஊற்றுவதும் தவறு. அளவுக்கு மிஞ்சிய கால்சியமும் வளரும் எலும்பைக் கோணலாக்கும். குடற்புழு மருந்து கொடுத்து நாளாகியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டாமல் வயிறு மட்டும் பானையாக இருக்கும் குட்டிக்கு அதுதான் முதல் வைத்தியம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தரையில் விடாமல் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது. தடுப்பூசி முடியாத குட்டிக்கு, ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ் ஒட்டுவதற்கு ஆஸ்பத்திரித் தரை ஒரு சுலபமான இடம். மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியைக் கட்டாயம் போட்டுவிட வேண்டும்.

கட்டு பிரித்த பிறகு

பிரித்த அன்று கால் குச்சியாக இருக்கும், குட்டி அதை ஊன்றாது. பயப்பட வேண்டியதில்லை. வெதுவெதுப்பான துணியால் ஐந்து நிமிடம் ஒற்றி, மருத்துவர் காட்டிக்கொடுத்தபடி மூட்டை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும், வலிக்காத அளவுக்கு. கயிற்றில் பிடித்து, கொல்லை வரப்பில் நத்தை வேகத்தில் நடத்த வேண்டும். ஓடினால் அது மூன்று காலில் ஓடிவிடும். மெல்ல நடந்தால்தான் நான்காவது காலை ஊன்ற வேண்டிவரும். தொடை எலும்பு முறிந்த குட்டிகளில், முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டி இறுகி, கால் கட்டை போல விறைத்து நின்றுவிடுவது ஒன்று உண்டு. முழங்கால் மடங்கவில்லை என்று தோன்றினால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். நாள் போனால் அதைத் திருப்புவது மிகக் கடினம்.

நரம்பும் ரத்த ஓட்டமும் போய்விட்டது, காலை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால்? அதுவும் உலகத்தின் முடிவல்ல. மூன்று காலோடு ஓடி, குரைத்து, காட்டுப்பன்றி வந்தால் ஊரைக் கூட்டும் நாய்கள் எத்தனையோ இருக்கின்றன. காவலுக்கு வேண்டியது மூக்கும் காதும் தொண்டையும்தான்.

இனி, மாமனார் சொன்ன யோசனை. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான கால்கள் நடக்கிற பாதை, மற்ற நாளில் ஆட்டோவும் பஸ்ஸும் போகிற சாலை. அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்களுக்கு ஒவ்வொரு நூறு அடியும் ஓர் எல்லை. புதிதாக வரும் குட்டியை, அதுவும் ஓட முடியாத குட்டியை, அவை சோற்றுப் பக்கமே விடாது. கட்டோடு விட்டால் அதைப் பிரிக்க ஆள் இல்லை. கட்டில்லாமல் விட்டால் முதல் இரவைத் தாண்டுவதே சந்தேகம். அன்னதானம் நடப்பது உண்மைதான். அது நொண்டிக் குட்டியின் வாய்க்குப் போய்ச் சேராது.

அதே மலையில் நடந்த ஒன்றை அந்தப் பெரியவரிடம் சொல்லலாம். ரமணர் 1916 வரை விரூபாட்ச குகையில் இருந்தவர். அந்த நாட்களில் ஒரு குரங்குக் குட்டியை அதன் கூட்டத் தலைவன் கடித்துக் குதறிப்போட, கூட்டம் அதைக் குகைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டது. ரமணர் எடுத்துப் பராமரித்தார். பிழைத்தது, ஆனால் கால் விந்தியது. ‘நொண்டி’ என்றே பெயர் வைத்தார்கள். ஐந்து நாள் போல கழித்துத் திரும்பி வந்த கூட்டம், குட்டி உயிரோடு இருப்பதைப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனது. அதன் பிறகும் நொண்டி அடிக்கடி வந்து அவர் மடியில் ஏறி உட்காரும். இலையில் சோறு போட்டால் ஒரு பருக்கை சிந்தாமல் தின்னும் என்று ஆசிரமத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னாளில் அந்தக் கூட்டத்துக்கே அது ராஜாவானதாகவும் பதிவு இருக்கிறது. நாட்டு நாய்க்குட்டி அந்த அளவுக்கு உயர வேண்டாம், மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

---

‘‘அடிபட்ட குட்டியைத் தூக்கும்போது என் கையைக் கடித்துவிட்டது. குட்டிதானே, வெறி இருக்குமா?’’

இருக்கலாம். குட்டிக்கும் வெறிநோய் வரும். தாய் யார், எந்த நாய் எப்போது கடித்தது என்று தெரியாத குட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கடித்த நாளிலிருந்து 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு சொல்வார்கள், ஒன்றும் விடக் கூடாது. ரத்தம் வந்த காயத்துக்குக் காயத்தைச் சுற்றியே போடும் தனி ஊசியும் தேவைப்படும், கேட்டு வாங்க வேண்டும். ‘பத்து நாள் குட்டியைப் பார்த்துவிட்டு அப்புறம் போகலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. நோய் வெளிப்பட்டுவிட்டால் வைத்தியம் கிடையாது.

‘‘வெள்ளாட்டுக் குட்டிக்குக் கால் ஒடிந்தாலும் இதே முறைதானா?’’

பெரும்பாலும் இதேதான், ஆட்டுக்கு வேலை இன்னும் சுலபம். ஆட்டுக்குட்டிக்கு அதிகம் ஒடிவது குளம்புக்கு மேலே இருக்கும் நேரான கீழ்க்கால் எலும்பு. கட்டுக்கு வாகான இடம். தோல் கிழியாத முறிவாக இருந்தால், பஞ்சு தாராளமாகச் சுற்றி, நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. பைப்பை மேல் மூட்டுக்கு மேலிருந்து குளம்பைத் தாண்டித் தரைவரை வைத்து மருத்துவர் கட்டிவிடுவார். பைப்பின் விளிம்பைத் தேய்த்து மழுக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டிக்கு நான்கு வாரம், பெரிய ஆட்டுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம். மந்தையோடு விடாமல் தாயோடு தனியாகக் கட்டி, தழையைத் தலைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் எம்பிக் குதிக்காது. தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் மூடிய கட்டு போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. புண்ணுக்கு வழிவிட்டுக் கட்டி, நாள்தோறும் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நாள் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.